நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

உனக்கு ஐம்பது வயதாகிவிட்டது. லிஃப்ட் கம்பெனியில் உன்னை எல்லாரும் சார் என்கிறார்கள். எனக்கு மட்டும் நீ இன்னும் வாலுதான். நீ நலமா? உன் மனைவியும் மகளும் நலமா?

நேற்று என் புது நாவலின் வெளியீட்டு விழா. இன்னும் வாய் கசக்கிறது. பேச வந்த பெரிய மனிதர் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு நாற்பது நிமிடம் பேசினார். அதில் அச்சாகியிருந்த என் வயதையும் தப்பாகச் சொன்னார், அதுவும் நாலு வருடம் கூட்டி. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அதுதான் கொடுமை. பிறகு ஒரு கவிஞர் என் காதருகே குனிந்து, "மேடம், நீங்க ஒருத்தர்தான் எழுதுறீங்க, மத்தவங்கல்லாம் கிறுக்குறாங்க" என்றார். பத்து நிமிடம் கழித்து அதே வார்த்தையைப் பின்வரிசை நாவலாசிரியரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. முப்பது வருடமாக இந்தக் கூட்டத்தோடு குப்பை கொட்டுகிறேன்.

அப்பா எப்படி இருக்கிறார்? போனில் கேட்டால் நீ "ம்" போடுகிறாய். அதனால்தான் எழுதச் சொல்கிறேன். எழுதும்போது நீ வேறு ஆள். அப்பா என்ன சாப்பிட்டார், என்ன சொன்னார், அறையில் என்ன வாசனை, உனக்கு என்ன தோன்றியது, எதையும் விடாமல் விவரமாக எழுது. தூரத்தில் இருக்கிறவளுக்கு அதுதான் நேரில் பார்த்த மாதிரி.

போன கடிதத்தில் "அருவெறுப்பு" என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூட நாளிலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தேன். அருவருப்பு. அதில் வெறுப்பு கிடையாது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். "நீங்க லிஃப்டைக்கூட இப்படித் திட்டினதில்லையே" என்று இவள் சிரித்தாள்.

அப்பா முதுகில் இரண்டு புண். ஒன்று சட்டைப் பொத்தான் அளவு, இன்னொன்றில் என் கட்டைவிரல் நுழையும். வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை கழுவி மருந்து வைக்கிறேன். இவள் கிட்ட வந்தால் அப்பா போர்வையை இழுத்துக்கொள்கிறார். ஆள் யாரென்று தெரியவில்லை, கூச்சம் மட்டும் மிச்சம் இருக்கிறது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினால் வாயில் அடக்கி வைத்திருந்து என் முகத்தில் துப்புகிறார். போன வாரம் படுக்கையிலேயே போய்விட்டு அதைக் கையால் சுவரெல்லாம் தேய்த்திருந்தார். லிஃப்ட் குழியில் இறங்கிச் செத்த எலியை எடுக்கிறவன் நான். ஒரு தடவைகூடக் குமட்டியதில்லை. அன்றைக்குக் குழாயடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பிறகு வந்து சுவரைத் துடைத்தேன்.

நீ கேட்டாய், உள்ளதைச் சொல்கிறேன். அப்பாவைப் பார்த்தாலே எனக்கு அருவெறுப்பாக இருக்கிறது. துடைக்கிற என் கையைப் பார்த்தாலும் அருவெறுப்பு. அவர் தூங்கும்போது இது சீக்கிரம் முடியட்டும் என்று நினைக்கிறேன். நினைத்த உடனே எழுந்துபோய்ப் போர்வையைச் சரிசெய்கிறேன். நீ எத்தனை குட்டுக் குட்டினாலும் அந்தச் சொல்லை இப்படித்தான் எழுதுவேன். எனக்கு அதில் வெறுப்பும் இருக்கிறது.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நேற்றுப் புண்ணைக் கழுவும்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ? உங்கப்பா கொடுத்து வெச்சவரு" என்றார். உனக்குத்தான் தெரியுமே, பத்தாவதில் நான் தவறிய நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இதை இவளிடம்கூடச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாலு


ஏப்ரல் 22

அன்புள்ள வாலுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கால் மணி நேரம். அறை வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அப்பா என் பக்கம் கையை நீட்டினார். ரயிலுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது, உனக்கும் அது தெரியும். ஸ்டேஷன் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். மனிதர்கள் படும் பாட்டைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவளால் ஒரு வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. எதையும் தொடாமலே வந்தவள் மூன்று நாளாகக் கை கழுவிக்கொண்டிருக்கிறேன்.

பதிப்பாளர் நேற்று வந்தார். "இப்போ சோகம்தான் மேடம் நல்லாப் போகுது. படிக்கிறவன் அழுதுட்டான்னா ரெண்டாம் பதிப்பு நிச்சயம்" என்றார். என் காப்பியை அவர் சட்டையில் கொட்டலாம் போல இருந்தது. கொட்டவில்லை. "யோசிக்கிறேன்" என்றேன்.

நீ எழுதுவதை நிறுத்தாதே. சின்னதாக இருந்தாலும் எழுது. அப்பா சொன்ன அந்த வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குத் தெரியாது. அவர் பிடித்தது உன் எந்தக் கை? வலதா, இடதா?

அன்புடன்,
அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கை. ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்து மறந்தேன்.

அப்பா காரியமெல்லாம் முடிந்து நீ ரயில் ஏறிய பிறகு கட்டிலைக் கழற்றினேன். சுவருக்கு வண்ணம் அடித்தாயிற்று. வாசனை இன்னும் இருக்கிறது என்கிறேன் நான், இல்லவே இல்லை என்கிறாள் இவள். விடிந்ததும் கை தானாக மருந்து டப்பாவைத் தேடுகிறது.

இந்த நாலு மாதத்தில் உனக்கு நாற்பது கடிதம் எழுதியிருக்கிறேன். படிப்பு ஏறாதவன் என்று பெயர் வாங்கியவன். நீ மட்டும் விவரம் விவரம் என்று கேட்டிராவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். என்மேல் உனக்கு இவ்வளவு அக்கறை என்று நான் நினைத்ததே இல்லை. இதற்கு நான் உனக்கு என்ன செய்யப்போகிறேன்?

இப்படிக்கு,
வாலு


பிப்ரவரி 2

அன்புள்ள வாலுவுக்கு,

இதோடு என் புது நாவல் வருகிறது. எட்டே மாதத்தில் எழுதி அச்சாகி, அதற்குள் பரிசும் அறிவித்துவிட்டார்கள். பேப்பரில் பார்த்திருப்பாய். பதினோரு புத்தகம் எழுதியிருக்கிறேன், அதில் நாலாவதுதான் உண்மையில் நல்ல புத்தகம். அது பதிப்பாளர் கிடங்கில் கரையானுக்குச் சாப்பாடானது. அன்றைக்கு என் போனை எடுக்காதவர்கள் இன்று வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். "அப்பவே சொன்னேனே மேடம்" என்கிறார்கள். ஒருவரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் நன்றி சொல்லிச் சொல்லி என் குரலே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

பரிசுக்குழு எழுதியதைக் கேள். அருவருப்பு என்ற பழகிய சொல்லுக்குள் வெறுப்பைப் புகுத்தி, "அருவெறுப்பு" என்று புதுச் சொல்லொன்றைப் படைத்திருக்கிறேனாம். ஒரு பேராசிரியர் அந்த ஒரு சொல்லுக்கே எட்டுப் பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறார். நீ சிரிப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதங்களிலிருந்து அங்கங்கே கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள். நாவல் வேறு, நடந்தது வேறு. அதில் வரும் மகள் நான் இல்லை, மகன் நீ இல்லை.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் வந்தது. முதலில் படித்தது என் மகள். படித்துவிட்டு வந்து, "அத்தை ஏம்ப்பா பொய் எழுதியிருக்காங்க?" என்றாள். கதை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் பிறகுதான் நான் படித்தேன்.

அதில் மகள் அப்பாவின் புண்ணைக் கழுவுகிறாள். சுவரைத் துடைக்கிறாள். குழாயடியில் வாந்தி எடுக்கிறாள். மகன் வாசலில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று போய்விடுகிறான். அவன் பெயர் வாலு. அது நான் இல்லை என்கிறீர்கள்.

எங்கள் போர்மேன், நம்ம ஆளின் அக்கா எழுதியது என்று பெருமையாக வாங்கிப் படித்தார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், "பெத்த அப்பாவைத் தொடக்கூட உனக்கு மனசு வரலியாய்யா?" என்று கேட்டுவிட்டு டப்பாவோடு வேறு மேசைக்குப் போனார். இருபது வருடமாகச் சேர்ந்து சாப்பிடுகிறோம். நான் என் டப்பாவை மூடிவிட்டு வேலைக்கு இறங்கினேன்.

அதெல்லாம் போகட்டும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். "யார் வீட்டுப் பொண்ணும்மா நீ? உங்கப்பா கொடுத்து வெச்சவரு." இடது மணிக்கட்டு. ஆள் தெரியாமல் சொன்னதாக இருந்தாலும் அப்பா எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டீர்கள். என் எழுத்துப்பிழையைக்கூட விடவில்லை. நாற்பது கடிதமும் என்மேல் அக்கறையில் கேட்டது என்று நினைத்தேன் பாருங்கள்.

பரிசளிப்பு விழாவில் பேசப்போகிறீர்களாம். அந்த வார்த்தை தம்பியிடம் சொன்னது என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 11

அன்புள்ள வாலுவுக்கு,

நீங்கள் என்று எழுதாதே. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நேற்று விழா. நீ கேட்ட வரியை ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். தலைமை தாங்கியவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, பெற்றால் இப்படி ஒரு மகளைப் பெற வேண்டும் என்றார். அரங்கமே எழுந்து நின்றது. என் முறை வந்தது. தாளை வெளியே எடுக்கவே இல்லை. நன்றி சொன்னேன். மொழி என்றேன், மானுடம் என்றேன். நான் வாழ்நாள் முழுக்க எதைக் கேட்டு முகம் சுளித்தேனோ அதையே பதினைந்து நிமிடம் பேசினேன். பின்னட்டைக்காரர் எவ்வளவோ மேல்.

இறங்கி வரும்போது ஒரு பெண் அழுதுகொண்டே வந்தாள். வயது நாற்பது இருக்கும். "அப்பாவைக் கழுவின கையை ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்" என்றாள். கொடுத்தேன், வாலு. இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நானும் அழுதேன். அவளுக்கு அது வேறு மாதிரி புரிந்திருக்கும். வீட்டுக்கு வந்து தோல் எரியும்வரை கை கழுவினேன்.

அந்தச் சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கத்தை உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே எழுதினேன். அச்சுக்கு முன் திருத்தப் படிக்க வேண்டும், அந்தப் பக்கத்தை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. திருத்துகிறவர், பெரிய எழுத்தாளர் தெரிந்துதான் எழுதியிருப்பார் என்று விட்டுவிட்டார். எனக்குப் பரிசு வாங்கித் தந்தது உன் பிழை.

இரண்டாம் பதிப்பில் முதல் பக்கத்திலேயே "என் தம்பிக்கு" என்று போடச் சொல்லிவிட்டேன். அது போதாது என்று தெரியும். பதில் எழுது. திட்டியாவது எழுது. உனக்குள் என்ன ஓடுகிறது என்று விவரமாக எழுது.

உன்,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ரொம்ப நன்றாக இருந்தது. அந்தப் பெண் உங்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. துடைத்துக்கொண்ட பிறகுதான், தபாலில் போடும் முன் இதை ஒரு படி எடுத்து வைத்திருப்பீர்கள் என்று தோன்றியது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இனி நிச்சயமாகத் தெரியப்போவதில்லை.

என் பெயருக்கு எதுவும் போட வேண்டாம். தம்பிக்கு என்று போட்டால், கைவிட்டுப் போனவனையும் மன்னித்துவிட்டாள் பாருங்கள் என்பார்கள். கடிதங்களையும் திருப்பி அனுப்ப வேண்டாம். எங்கள் வீட்டுப் பிரதியில் மகள் ஒரு வேலை செய்திருக்கிறாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் "பொண்ணும்மா" என்பதைப் பேனாவால் அடித்து, மேலே "பிள்ளைப்பா" என்று எழுதியிருக்கிறாள். எனக்கு அந்த ஒரு பிரதி போதும்.

திட்டியாவது எழுது, விவரமாக எழுது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்தத் தடவை சரியாக எழுதியிருக்கிறேன், பாருங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. அதில் வெறுப்பு கிடையாது.

இனி நான் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்யுங்கள், வீட்டில்தான் இருப்பேன். நீங்கள் பேசுங்கள். நான் "ம்" போடுகிறேன்.

இப்படிக்கு,
தம்பி