உங்கள் காரின் எஞ்சினை நான் கழுவிவிட்டேன்

என்ரை இஞ்சாருங்கோ,

கல்யாணம் முடித்த நாளிலிருந்து உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் ஊரார் போல "அமரர்" என்று முன்னால் போட்டு எழுத மனம் வரவில்லை. குசினிக்குள் அடுப்படியில் இருந்து கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறேன். கேட்கிறதா?

ஒரு செய்தி சொல்லவேண்டும். கோபம் வரும். பரவாயில்லை, கோபப்படுங்கோ. உங்கள் காரின் எஞ்சினை நான் கழுவிவிட்டேன். ஓம், தண்ணீர் ஊற்றித்தான். எங்கள் நீர்வேலி வீட்டு முற்றத்தில், பட்டப்பகலில், பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, வீதியால் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கக் கழுவினேன்.

"எஞ்சினுக்குக் கிட்ட ஒரு சொட்டுத் தண்ணி வரக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்பீர்கள். ஒருமுறை எங்கேயோ பிரஷர் பைப்பால் அடித்துக் கழுவுவித்துவிட்டு வர, பாதி வழியில் கார் நின்று, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல்கள் எல்லாம் பின் சீற்றில் ஆறிப்போனதே, அன்றைக்குப் போட்ட சட்டம் அது. குற்றம் தண்ணீரில் இல்லை, பலமாக அடித்ததிலும் படக்கூடாத இடத்தில் பட்டதிலும்தான் என்று நான் அப்போதே சொன்னேன். "உமக்கென்ன தெரியும்?" என்றீர்கள். இப்போது தெரியும்.

நீங்கள் போன பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு நான் அடுப்பை மூட்டிவிட்டேன். வேறு என்ன செய்ய? நான் சமைப்பதும், நீங்கள் அதை எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பதும்தானே எங்கள் சீவியம். சமையல் என் கையில் இருந்தது. கார் மட்டும் கொட்டிலுக்குள் நின்றது. ஓட்டோ பிடித்து அனுப்பினேன். ஒரு நாள் ஓட்டோ பிந்தும். ஒரு நாள் பார்சல்கள் நசிந்து குழம்பு வெளியே வந்துவிடும். பிள்ளைகள் பாவம், ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த கிழமை வேறு கடையில் எடுப்பார்கள். அவ்வளவுதான்.

எஞ்சின் சத்தத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் பிடித்துவிடுவீர்கள். நெஞ்சு நோவை மட்டும் ஏன் வாய்வு, வாய்வு என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்? இந்தக் கேள்வியை நான் விடப்போவதில்லை. அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

உங்கள் தம்பி சிவநேசன் வந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அண்ணன் இல்லாத வீட்டில் தான்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறான்.

"அண்ணி, உந்தக் காரை வித்துப்போடுவம். கிடந்து உக்கிப்போகும். பிள்ளை குட்டியும் இல்லை, தனிய இருக்கிற உங்களுக்கு ஏன் கார்?"

"ஓடத்தான்."

"பகிடி விடாதேங்கோ."

நான் பகிடி விடவில்லை. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. நீங்கள்தான் பழக்கி எடுத்துத் தந்தீர்கள். எடுத்துத் தந்துவிட்டு, ஒழுங்கையைத் தாண்டி ஓட விட்டீர்களா? "ரோட்டிலை சனம் கூட, இன்னொரு நாளைக்குப் பாப்பம்." அந்த இன்னொரு நாள் உங்கள் காலத்தில் வரவேயில்லை.

சிவநேசன் அடுத்த தடவை வந்தபோது கார் வாங்கி விற்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த ஆள் பொனற்றைத் திறந்தார். அணில் கூடு கட்டியிருந்தது. தும்பும் காய்ந்த வாழைச் சருகும் எஞ்சினுக்கு மேல் ஒரு மெத்தையாகக் கிடந்தன. அதற்குக் கீழே ஒயிலும் புழுதியும் சேர்ந்து கறுப்புக் களியாக அப்பியிருந்தது. யாரோ வந்து என் குசினி அலுமாரியைத் திறந்து பார்த்த மாதிரி எனக்கு முகம் சுட்டது. அவர் விரலால் ஒரு இழுப்பு இழுத்து எனக்குக் காட்டினார்.

"பாத்தியளோ அக்கா, எல்லா இடத்தாலையும் ஒயில் ஒழுகுது. எஞ்சினை இறக்கித்தான் செய்யவேணும். உப்பிடியே ஓடினியள் எண்டால் சூட்டிலை பத்தினாலும் பத்தும். நான் பழைய இரும்பு விலைக்குத்தான் எடுக்கலாம்."

அவர் சொன்ன விலையை நீங்கள் கேட்டிருந்தால் சுடலையில் இருந்து எழும்பி வந்திருப்பீர்கள்.

"எல்லா இடத்தாலையும் ஒழுகுற சட்டியை நான் இன்னும் காணேல்லை, தம்பி," என்றேன். "ஒரு இடத்தாலைதான் ஒழுகும். ஓடிப் பரவி எல்லா இடமும் பிசுக்காகும். முதல் கழுவிப் பாப்பம்."

"எஞ்சினையோ? கழுவினால் அதோடை முடிஞ்சுது."

"முடிஞ்சால் இரும்புக்குத் தாறன். இப்ப போயிட்டு வாங்கோ."

அவர் போன பிறகு சிவநேசன் பொரிந்தான். "அண்ணை இருந்தால் உதுக்கு விட்டிருப்பாரோ?"

"விட்டிருக்கமாட்டார். அவரோடையும் சண்டை பிடிச்சுத்தான் கழுவியிருப்பன்," என்றேன். உண்மைதானே?

சும்மா வாயால் சொல்லிவிட்டு இருக்கவில்லை. போனில் தேடித் தேடிப் பார்த்தேன். எதை மூடவேண்டும், எதை முதலில் கழற்றவேண்டும் என்று பாடமாக்கினேன். பஸ் எடுத்துச் சுன்னாகத்துக்குப் போய் வாகனச் சாமான் கடையில் பிசுக்குக் கழுவுகிற மருந்து கேட்டேன். கடைக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஐயா வரேல்லையோ?"

"அவர் இல்லை. நான் இருக்கிறன்."

அவர் தட்டுப் பக்கம் திரும்பினார். பிறகு, "மண்ணெண்ணெய் போதும் அக்கா, கன பேர் அதாலைதான் கழுவுறவை," என்றார்.

"மண்ணெண்ணெயை ஊத்திப்போட்டு, பிறகு சாவியைத் திருப்பச் சொல்லுறியளோ? தண்ணியோடை கழுவுப்பட்டுப் போற மருந்தாய்த் தாங்கோ."

தந்தார். கையுறையும் கண்ணாடியும் அங்கேயே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினேன். அன்றைக்குப் பார்சல் இல்லை. கார் மாதக்கணக்காக ஓடாமல் நின்றதால் எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது. சூட்டோடு கழுவினால் மருந்து காய்ந்து பிடித்துவிடும், கையும் வேகும், குளிர் தண்ணீர் பட்டால் இரும்பு வெடித்தாலும் வெடிக்கும். கொட்டில் கிணற்றுக்குப் பக்கம் என்பதால், பக்கத்துத் தோட்டத்தில் வாழைக்குலை வெட்ட வந்தவர்களைக் கேட்டுக் காரை மற்றப் பக்கத்து நிழலுக்குத் தள்ளுவித்தேன். எங்கள் மண்ணில் இன்றைக்கு மேலே ஊற்றுவது நாளைக்குக் கிணற்றுக்குள் வரும். அதனால் காருக்குக் கீழே படங்கு விரித்து, அதன்மேல் தடிப்பாக மரத்தூள் கொட்டினேன். வழிந்த ஊத்தை எல்லாவற்றையும் அது குடித்துவிட்டது. பிறகு அள்ளி மூடியுள்ள தகரத்தில் போட்டு, கழிவு ஒயில் சேர்க்கிற கராஜில் கொடுத்தேன்.

பற்றறியில் முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு வயர். கழற்றித் தூக்கி, சார்ஜ் போட ஓட்டோவில் கடைக்கு அனுப்பினேன். அணில் கூட்டைக் காய்ந்தபடியே கையால் அள்ளினேன். குஞ்சு ஒன்றும் இல்லை, நல்லவேளை. ஒரு வயரின் தோலைப் பல் பட்டுச் சுரண்டியிருந்தது. அதற்கு ரேப் சுற்றினேன். பிறகு தண்ணீர் படக்கூடாத இடங்கள்: காற்று இழுக்கிற குழாயின் வாய், டைனமோ, பியூஸ் பெட்டி, பிளக்குகளின் மேல்பக்கம். சொப்பிங் பைகளை எடுத்து ஒவ்வொன்றையும் மூடி இறப்பர் பாண்ட் போட்டு இறுக்கினேன். சாப்பாட்டுப் பார்சல் கட்டிப் பழகிய கை. ஒரு பை அவிழவில்லை.

மருந்தை அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டேன். பெயின்ற் பிரஷ்ஷாலும் பழைய பல் பிரஷ்ஷாலும் மூலை முடுக்கெல்லாம் உரஞ்சினேன். அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் பெரியம்மா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினா.

"என்ன பிள்ளை உது? வருசம் திரும்பேல்லை, ஆட்டைத் திவசமும் முடியேல்லை. காருக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு நிக்கிறாய். சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கிற சனத்தை இஞ்சாலை வரச் சொல்லுங்கோ, பெரியம்மா. இன்னொரு பிரஷ் இருக்கு."

பெரியம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்கமுடியவில்லை. அழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அழுதுகொண்டே உரஞ்சினேன். ஊத்தை போனது.

பைப்பை எடுக்கவேயில்லை. பூக்கண்டுகளுக்கு ஊற்றுகிற வாளியால், மழைத்தூறல் போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அலசினேன். துணியால் ஒற்றினேன். சைக்கிள் பம்பால் இடுக்குகளுக்குள் காற்று அடித்தேன். வயர் நீட்டி மேசை விசிறியை வைத்து, பொனற்றைத் திறந்தபடி பின்னேரம் வரை காயவிட்டேன். கறுப்புக் களி போய் வெள்ளை அலுமினியம் தெரிந்தது. இந்த எஞ்சினுக்கு இப்படி ஒரு நிறம் இருந்ததை நீங்களாவது கண்டிருக்கிறீர்களா?

பற்றறி வந்ததும் பூட்டினேன், இந்தமுறை சிவப்பு முதலில். நான் சாவியைத் திருப்பப் போகிற நேரம் சிவநேசன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். திருப்பினேன். எஞ்சின் இருமியது, ஒரு குலுங்குக் குலுங்கியது, நின்றது. திரும்பவும் அதே.

"நான் சொன்னன்தானே, அண்ணி. தண்ணி உள்ளை போயிட்டுது. சரி, விடுங்கோ. நாளைக்கு அந்த ஆளுக்குச் சொல்லுவம்."

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். டைனமோவில் கட்டின பையைக் கழற்றியிருந்தேன். பியூஸ் பெட்டியில் இல்லை. பிளக்கில் இல்லை. காற்றுக் குழாயின் வாயில் மட்டும் நான் கட்டின சொப்பிங் பை அப்படியே உள்வாங்கி ஒட்டிக்கொண்டு நின்றது. மூச்சை அடைத்துவிட்டு ஓடு ஓடு என்றால் எப்படி ஓடும்? நல்லவேளை, பை கிழிந்து உள்ளே போகவில்லை. கழற்றி எடுத்துச் சிவநேசனின் கையில் கொடுத்தேன். "பிடியும் இதை," என்றுவிட்டுப் போய்ச் சாவியைத் திருப்பினேன்.

பிடித்தது! முற்றம் முழுக்க அந்தச் சத்தம். சிவநேசன் பையைப் பிடித்தபடியே எஞ்சினை எட்டிப் பார்த்தான். பெரியம்மாவின் தலை மறுபடியும் மதிலுக்கு மேலே வந்தது.

எஞ்சினை ஓடவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. சூடு ஏறின பிறகு, மேல்மூடியின் ஓரத்தில், பின்பக்கமாக, ஒரு ஒயில் துளி மெல்ல முளைத்தது. பிறகு இன்னொன்று, அதே இடத்தில். மற்ற இடமெல்லாம் காய்ந்தபடி.

சிவநேசன்தான் குனிந்து சொன்னான். "அண்ணி, உது மூடியின்ரை பக்கிங் மட்டும்தான் போலை."

"ஓம். எஞ்சின் இறக்கத் தேவையில்லை."

கராஜ்காரர் வீட்டுக்கே வந்து, மூடியின் விளிம்பால் ஒயில் கசியாமல் புது இறப்பர் பக்கிங் போட்டார். ரேப் சுற்றின வயரையும் மாற்றினார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை துணியை வைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டேன். ஒரு பொட்டு ஒயில் இல்லை.

கதை எப்படியோ பரவி, அந்த வாங்குகிற ஆள் மறுபடியும் வந்தார். இம்முறை சிரித்த முகம். விலையும் வேறு. சிவநேசன் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"இப்ப நல்ல விலை சொல்லுறார், அண்ணி. எல்லாம் நீங்கள் கழுவினபடியால்தான்."

"விக்கிறதுக்கோ கழுவினனான்?"

அவன் தானே போய் அந்த ஆளைப் படலை வரை கூட்டிக்கொண்டு போய் அனுப்பிவிட்டு வந்தான். நான் கேட்கவில்லை. தானாகத்தான் செய்தான். அதை நீங்கள் அறியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு திங்கட்கிழமை நான் காரை ஓடினேன். பார்சல்களைப் பின் சீற்றில் அடுக்கிவிட்டு, கோப்பாய் கடந்து, இருபாலை கடந்து, திருநெல்வேலிச் சந்தியில் பலாலி வீதிக்கு ஏறினேன். பின்னால் ஒரு மினிபஸ் காதைப் பிளக்க ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. அடிக்கட்டும். என் பக்கத்தில் நான் ஒழுங்காகப் போனேன். ஒதுங்கி நிற்கவில்லை.

வழக்கமாக வாங்குகிற ஒரு பிள்ளை படிக்கட்டில் நின்று வாயைப் பிளந்தாள். "அன்ரி, நீங்களே ஓடிக்கொண்டு வந்தனீங்கள்?"

"ஓம் பிள்ளை. சுடச்சுட இருக்கு, பிடியும்."

அன்றைக்கு ஒரு பார்சலும் ஆறவில்லை. ஒன்றும் நசியவில்லை. வேறு கடைக்குப் போன பிள்ளைகளில் சிலர் இப்போது திரும்பி வந்திருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. சாரதி சீற் உங்கள் நீட்டுக் காலுக்கு ஏற்றபடி நன்றாகப் பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது. முற்றத்தில் காரை ஸ்ராட் பண்ணினபோதெல்லாம் அதைத் தொட மனமில்லாமல், முதுகுக்குத் தலையணை வைத்து நுனியில் இருந்தேன். அந்தத் திங்கட்கிழமை காலை தலையணையை எடுத்து வெளியே போட்டேன். கீழே இருக்கிற கம்பியைத் தூக்கி, சீற்றை முன்னுக்கு இழுத்தேன். என் கால் பிரேக்கில் முழுசாகப் பதிந்தது. டக்கென்று பூட்டு விழுந்தது.

அதை இனி ஒருத்தருக்காகவும் பின்னுக்குத் தள்ளமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. வரவேண்டும் போல இருந்தால் வாங்கோ, இடப்பக்கம் ஏறி இருங்கோ. நான் ஓடுகிறேன்.

சீவியம் முழுக்க உங்கடை மனுசி,
தவமலர்