வெற்றிலை மேல் சாக்லேட்

1981, மாசி, ஞாயிறு இரவு.

பள்ளி விடுதிப் பெண்களுக்கு வாலிபால் வலை வாங்க வேண்டும். அதற்காகப் போளூரிலிருந்து வரவழைத்த சாக்லேட்டை இன்று நானே வீடு வீடாக விற்கக் கிளம்பினேன். வெயிலில் இளகாமல் இருக்கத் தட்டில் ஈர வெற்றிலையைப் பரப்பி, அதன்மேல் அடுக்கினேன். அப்போது வேறெதுவும் தோன்றவில்லை.

முதல் வீடு, என் வகுப்பு மாணவியின் அம்மா கமலாவுடையது. வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வெற்றிலையோடு ஒரு சாக்லேட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

"மாப்ள எந்த ஊரு டீச்சர்? வூட்டோட வந்துடறோம். ஏ சாந்தி, டீச்சருக்குக் கல்யாணமாம்!"

பக்கத்து வீட்டுச் சாந்தி வேலியோரம் வந்து சிரித்தாள்.

"கல்யாணம் இல்லைங்க. இது விக்கிறதுக்கு. புள்ளைங்க விளையாட வலை வாங்கணும்."

கமலா உள்ளே போய்ச் சில்லறை கொண்டுவந்தார். சாக்லேட்டை மட்டும் வைத்துக்கொண்டு வெற்றிலையைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"இது இப்ப வேணாம் டீச்சர். கல்யாணத்துக்கு அழைக்கிறப்ப குடுங்க, வாங்கிக்கிறேன்."

மாலையில் போளூர் பஸ் கண்டக்டரும் மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டார். அந்த பஸ்தான் போளூரில் அப்பாவின் கடை வாசலில் நிற்கும். ஞாயிறென்றால் அப்பா வாசலில்தான் இருப்பார்.

இன்னும் பாதி சாக்லேட் மீதி இருக்கிறது. நாளைக்குப் பையில் எடுத்துப்போகிறேன். இளகினால் இளகட்டும்.