கதவுக்கு மேலே இரண்டு விரற்கடை

அன்பு மகன் காங்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம், ஒசாகாவின் குளிரில் உனக்கு இருமல் வராமல் இருக்கவேண்டும் என்பதே என் கவலை. போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

ஐப்பசி வெள்ளம் இந்த முறை ஜன்னல் வரை ஏறியது உனக்குத் தெரியும். தண்ணீர் வடிந்தபிறகு அப்பா படுத்திருக்கும் அறைச் சுவரைப் பார்க்கவே சகிக்கவில்லை, இடுப்பளவுக்கு ஒரே சேற்றுக்கறை. கறை தெரியாதபடி கருநீலம் அடிக்கலாம் என்றேன். உன் பெண்டாட்டி தாம் இருக்கிறாளே, அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அத்தை, மாமா நாள் முழுக்கப் பார்க்கிறது இந்தச் சுவரைத்தான். ஏற்கெனவே இருட்டு அறை. இளமஞ்சள் அடிப்போம்" என்றாள். அடுத்த வெள்ளம் வந்தால் யார் கழுவுவது என்று கேட்டேன். "நான்தான். வேற யாரு?" என்றாள். நான்கு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவள் பாட்டுக்குக் கம்பிபிரஷ்ஷால் சுவரைத் தேய்த்து, ஈரம் காய மூன்று வாரம் காத்திருந்து, பட்டி பார்த்து, நிறத்தையும் தானே கலந்தாள். முதல் தடவை அரைத்த மஞ்சள் மாதிரி கண்ணைக் குத்தியது. மூன்றாம் தடவைதான் சோளப் பாயசத்தில் தேங்காய்ப்பால் ஊற்றினால் வருமே, அந்த நிறம் வந்தது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாக ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருஷம் ஊர்ச் சுவரெல்லாம் பூசியவர், அவள் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பூச்சு முடித்து அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். அப்பா இடது கையைத் தூக்கிக் காட்டி, "கதவுக்கு... மேல. ரெண்டு விரக்கடை. விட்டுட்ட" என்றார். என் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணம் கீழே விழுந்தது. மருமகள் தாம் மட்டும் கலங்காமல், "எங்க மாமா? தெரியலையே, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். மூன்று தரம் சொல்லவைத்தாள். "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று அப்பா எரிந்துவிழுந்தார். எந்த இடம் என்று அவளுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. ஏணியில் ஏறி, முகத்தை எங்களுக்குக் காட்டாமல், வெகுநேரம் அந்த இடத்தையே பூசிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த அறையில் காலை வெயில் விழுந்தால் அப்பாவின் முகமே தெளிந்து தெரிகிறது. நாள்தோறும் ஏதாவது ஒரு குறை சொல்கிறார், நேற்று என் மீன்குழம்பில் உப்பு இல்லையாம். எதிர்வீட்டு லியூ, "உங்க மருமக வந்து பார்த்துச் சொன்னாத்தான் நாங்க பெயிண்ட் வாங்குவோம்" என்கிறாள். நான் ஒன்றும் தெரியாதவள் போல நின்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கல்யாணத்தில், மீன்சந்தையில் வளர்ந்தவளுக்கு வீடு வைத்துக்கொள்ளத் தெரியுமா என்று நான் சொன்னது உன் காதில் விழுந்தது. நீ மறந்திருக்கமாட்டாய். அந்தப் பேச்சை இந்த எழுத்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். "அதெல்லாம் அப்பவே காஞ்சுபோச்சு அத்தை" என்று சிரித்தாள்.

ராத்திரி வேலை முடிந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் அவளைக் கூப்பிடு, பிறகு நான் பேசிக்கொள்கிறேன். நீயும் அவளும் நீண்ட ஆயுளோடு ஒரே கூரையின் கீழ் வாழவேண்டும்.

உன் அம்மா,
லான்

அப்பா பக்கத்தில் இருந்து, நான் சொல்வதை அப்படியே எழுது என்கிறார்: "முன்சுவர் இன்னும் அடிக்கல. தெத் புத்தாண்டுக்கு அவனை வந்து அடிக்கச் சொல்லு. நான் வெளியில உக்காந்து பாத்துக்கறேன்."