வண்டிக்கு அடியில் சிவப்புச் சொட்டு

போன வாரம் ஒரு நாள் காலையில் புதுக் காருக்கு அடியில் குப்புறப் படுத்து, தரையில் கிடந்த ஒரு சிவப்புச் சொட்டை விரலில் தொட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலையும் தோளும் வண்டிக்குக் கீழே. வேட்டி கட்டிய மிச்ச உடம்பு தெருவைப் பார்த்து. காவேரியில் குளித்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு மாமா நின்றுவிட்டார்.

"என்ன சார், பெருமாளை விட்டுட்டு காருக்குத் தண்டம் சமர்ப்பிக்கறேளா?"

அவசரமாக எழுந்ததில் மண்டை இடித்தது. "சாவி விழுந்துடுச்சு மாமா" என்றேன். சாவி என் கையில்தான் இருந்தது. அவர் அதையும் பார்த்துவிட்டுத் தன் வீட்டுப் படி ஏறினார். நீ இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பாய். மண்டையைத் தடவிப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

வண்டி வந்துவிட்டது, உனக்குத் தெரியாதே. நாம் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த அதே சாம்பல் நிறம். "வெள்ளை வேணாங்க, அழுக்கு தெரியும்" என்று நீதான் தேர்ந்தெடுத்தாய். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூருக்கு ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போவோம். பாலம் தாண்டும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, "இந்தக் குலுக்கல்ல பாதி ரத்தம் இங்கயே சுத்தமாயிடுதுங்க, டாக்டருக்கு வேலை மிச்சம்" என்பாய். சத்தம் போடாத வண்டி என்றால் போகும்போதும் வரும்போதும் தூங்கலாம் என்று உனக்கு ஓர் ஆசை. உன் காரியம் முடிந்த அடுத்த வாரம் அது வாசலில் வந்து நின்றது.

வருஷம் திரும்பாத வீடு. அதனால் பூஜை கிடையாது, மாலை கிடையாது, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்கூடக் கிடையாது. கையெழுத்துப் போட்டு வாங்கி நிறுத்தியதோடு சரி. உள்ளே உட்கார்ந்தால் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. என் சங்கதியும் இப்போது ஏறக்குறைய அதேதான். அழவில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். தூக்கம் வருகிறது, தூங்குகிறேன். யாராவது சிரித்தால் நானும் சேர்ந்து சிரிக்கிறேன், கொஞ்சம் தாமதமாக.

நம் பெண்ணிடம் சொட்டைப் பற்றிச் சொன்னது என் முட்டாள்தனம். பெங்களூரிலிருந்து போனிலேயே கத்தினாள்.

"அப்பா, பேட்டரி சூடாகாம இருக்க உள்ள கூலன்ட் ஓடும். அது சிவப்பாத்தான் இருக்குமாம். வண்டியத் தொடாதீங்க!"

"தொடாம எப்படிம்மா பாக்குறது? மோந்துகூடப் பாத்துட்டேன்."

"மோந்தீங்களா?"

நாக்கில் வைத்ததைச் சொல்லவில்லை. அவள் சனிக்கிழமை கிளம்பி வருவதாகச் சொன்னாள். அதோடு நிறுத்தாமல், "தனியா சமாளிப்பேன்னு சொன்னீங்க, சரின்னேன். ஒரு வண்டியே உங்களால பாத்துக்க முடியலன்னா அதைக் குடுத்துட்டு எங்கூட வந்துருங்கப்பா. வீட்டைப் பூட்டிடலாம்" என்றாள். அவள் கோபத்தில் சொன்னால் நான் பயப்பட மாட்டேன். அன்று ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன் மின்சாரக் காருக்கு வைத்தியம் பார்க்க உட்கார்ந்தேன். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்குக் கீழே விரித்தேன். ஏசி போட்டு அரை மணி நேரம் உள்ளேயே இருந்தேன். நடுவில் சொட்டியது வெறும் தண்ணீர். எடமலைப்பட்டி புதூர் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். சிவப்பு இல்லை. மறுநாள் காலை வண்டியைக் கழுவி முடித்துப் பார்த்தால் இடது முன்சக்கரத்தின் ஓரமாக மூன்று சொட்டு. விரலில் தேய்த்தேன். வழவழப்பே இல்லை. காய்ந்ததும் மாவு மாதிரி உதிர்ந்தது.

அப்போதுதான் அந்த ஐப்பசி ஞாபகம் வந்தது. நம் கட்டிலுக்கு மேலே கூரை ஒழுக, கொத்தனார் மொட்டைமாடியில் கட்டிலுக்கு நேர் மேலேயே மூன்று தடவை பூசிவிட்டுப் போனார். ஒழுகல் நிற்கவில்லை. நீ குடையைப் பிடித்துக்கொண்டு மாடி முழுக்க நடந்து, தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு விரிசலைக் காட்டினாய். "சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேறங்க. எங்க விழுதுன்னு பாக்காதீங்க, எங்கேர்ந்து கிளம்புதுன்னு பாருங்க." கொத்தனார் உன்னை மேஸ்திரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமை பெண்ணும் வந்தாள், சர்வீஸ்காரரும் வந்தார். அவர் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார், முன்பக்கத்தைத் திறந்து கூலன்ட் டப்பாவைப் பார்த்தார்.

"லெவல் அப்படியே இருக்கு சார். ஒரு சொட்டு குறையல. அப்புறம் என்னத்த ஒழுகுது?"

"மேலேர்ந்து தண்ணி ஊத்திப் பாருங்க. கழுவுனாத்தான் வருது" என்றேன்.

பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சர்வீஸ்காரர் முன்கண்ணாடியில் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றினார். கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில், சல்லடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. தண்ணீர் அதற்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் சக்கரத்தோரம் சிவப்பாய்ச் சொட்டியது. அவர் சிரித்துக்கொண்டே மூடியைக் கழற்றிக் கையை விட்டு, ஊறிப் பிய்ந்த ஒரு காகித உறையை எடுத்தார்.

"குங்குமம் சார்! மருந்துக்கடை கவர்ல போட்டு வச்சிருக்கீங்க. காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு வேற எழுதியிருக்கு. வண்டிக்கு மாத்திரையா?"

நானும் சிரித்தேன், இந்த முறை தாமதமில்லாமல். அந்த உறையைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வண்டி வந்த அன்று உன் குங்குமச் சிமிழில் மீதி இருந்ததை ஆற்றில் விடச் சொல்லியிருந்தார்கள். நான் அதை உன் மாத்திரை உறையில் கொட்டி, யாருக்கும் தெரியாமல் அந்தச் சந்தில் செருகினேன். பூஜை இல்லாவிட்டாலும் நீ முதலில் ஏறியதாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன் போல. சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த நாட்களில் நான் செய்ததெல்லாம் வேறு யாரோ செய்தது மாதிரிதான் இருக்கிறது. ஆறு மாதம் ஈரத்துணியால் துடைத்தவரை ஒன்றும் ஆகவில்லை. போன வாரம்தான் ரோட்டுப் புழுதி என்று பக்கெட் பக்கெட்டாய் ஊற்ற ஆரம்பித்தேன், அது கரைந்துவிட்டது.

"யாருப்பா வச்சது?" என்றாள் பெண்.

"நான்தான்மா. சாமி குங்குமம். வச்சதை மறந்துட்டேன்."

உறையில் இருந்தது உன் கையெழுத்து. அவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? அதை வாங்கி உள்ளங்கையில் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கண்டுபிடிச்சது நீங்கதான். சரி, வருஷம் திரும்புறவரைக்கும் இங்கயே இருங்க. மத்ததை அப்புறம் பாக்கலாம்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அது எங்கேயோ பக்கத்துத் தெருவில் நடப்பது மாதிரி இருந்தது.

சர்வீஸ்காரர் குழாயை இழுத்துவந்து சல்லடைக்குள் தண்ணீரைப் பீய்ச்சினார். சக்கரத்தோரம் முதலில் அடர்ந்த சிவப்பாய் ஓடியது. பிறகு வெளிறியது. பிறகு லேசான ஒரு கோடு மட்டும்.

"இன்னும் கொஞ்சம் விடட்டுமா சார்? சுத்தமா போயிடும்."

பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை தடுமாறியிருந்தால் அன்றே என் பெட்டியைக் கட்டியிருப்பாள்.

"விடுங்க" என்றேன்.

போதும், அது இருந்துட்டுப் போகட்டும் என்று சொல்லவில்லை.