கயிற்றை அவிழ்க்காமல் எடுத்த கார்

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று உங்கள் கார் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. உக்கடத்துப் பட்டறைக்காரர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலில் இறங்கியதும், வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த, காரை முன்னாலிருந்து சுற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை என் கையில் கொடுத்தார். துணியைப் பிரித்தேன். கிரீஸும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசனை குப்பென்று அடித்தது. உங்கள் கையில், துண்டில், நீங்கள் எடுத்துக் கொடுக்கும் வெற்றிலையில் கூட அடிக்குமே, அதே வாசனை. பட்டறைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

உங்கள் வீட்டு அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்கள். "அவிய இல்லாத ஊட்டுல இதைப் பாத்துட்டே உக்காந்திருக்க என்னால முடியலீங்க. தங்கச்சி ஊட்டுலயே நிக்கட்டும்." அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? சரி என்றுவிட்டேன்.

ஹேண்டிலை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். நீங்கள் முதல் முதலாக இதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வாசலில் ஏறிய காட்சிதான் கண்முன் வந்தது. சிரிப்பும் வந்துவிட்டது. துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்த பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு நீங்கள் உங்கள் அம்மாவோடும் பெரியப்பாவோடும் எங்கள் வீடு பார்க்க வந்தீர்கள். பெண்ணை நாங்கள் பார்த்தாகிவிட்டது. நீங்கள் வந்து வீட்டையும் தோட்டத்தையும் பார்த்து மனசுக்குப் பிடித்தால், மேலே உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாகப் பேச்சு. எனக்குத்தான் அன்றைக்கு உயிரே கையில் இல்லை. பெண் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்த அன்று உங்கள் தங்கச்சி மோர் கொண்டுவந்து வைத்தபோது, நான் வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்ததைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாளே, அப்போதே நான் முடிவு செய்துவிட்டேன். இவளைத் தவிர வேறு பேச்சு வேண்டாம் என்று. ஆனால் மாப்பிள்ளைக்கு வாய் ஏது? உள் அறைக் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதோடு என் வேலை முடிந்தது.

உங்கள் பேபி கார் வாய்க்கால் மேட்டில் ஏறி வந்தபோது பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் ஏற்றத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கரும்பச்சை நிறம். மேலே மடக்குகிற துணிக் கூரை. வால்பாறைத் துரை ஒருத்தர் சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது என்று பின்னால் சொன்னீர்கள். அதை நீங்கள் குளிப்பாட்டுகிற அழகையும், துடைத்த துணியைத் தனியாகத் துவைத்துக் காயப் போடுகிற அக்கறையையும் நான் பிற்பாடு எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்திருக்கிறேன். கைக்குழந்தை வைத்திருக்கிறவள் கூட அப்படிப் பார்க்க மாட்டாள்.

பந்தலுக்கு முன்னால் கார் நின்றது. மாரப்பன் புது உருமால் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். விருந்தாளி வண்டியை வாங்கி நிறுத்துவது எங்கள் தோட்டத்தில் அவர் பொறுப்பு. வண்டி வந்து நின்றால் மாட்டுக் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு விருந்தாளி உள்ளே போய்விட வேண்டும். அவிழ்ப்பது, நிழலில் கட்டுவது, தண்ணி காட்டுவது, கிளம்பும்போது மறுபடி பூட்டி வாசலுக்குக் கொண்டுவருவது, எல்லாம் அவர்தான். கயிற்றைக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தால், இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி. பங்காளிச் சண்டைக்கு வருகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். கோயமுத்தூர்க் கடைவீதியில் வளர்ந்த உங்களுக்கு அது எப்படித் தெரியும்?

மாரப்பன் இரண்டு கையையும் நீட்டினார். "குடுங்க, நான் பாத்துக்கறனுங்க."

"வேண்டாமுங்க, இங்கயே நிக்கட்டும்" என்றீர்கள்.

"பந்தலுக்கு முன்னால எப்படீங்க? நெழல்ல கட்டறனுங்க."

"இது கட்டற வண்டி இல்லீங்க." சொல்லிவிட்டு, முன்னால் குனிந்து ஹேண்டிலை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டீர்கள். மாரப்பனின் நீட்டிய கை நீட்டினபடியே இருந்தது.

உள்ளே ஆசாரக் கூடத்தில் புது ஜமக்காளம் விரித்து வெற்றிலைத் தட்டு வைத்திருந்தார்கள். நீங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்த இரும்பை மடியில் வைத்துக்கொண்டீர்கள். எங்கள் அத்தை, அதுதான் எங்கள் அய்யனின் அக்கா, என் காதோரம் வந்து, "ஏன் கண்ணு, பொண்ணுக் குடுக்க வந்தாங்களா, மண்டைய ஒடைக்க வந்தாங்களா?" என்று கேட்டார். எங்கள் அய்யன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவர் பேச்சைக் குறைத்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம். மழை உண்டா, பருத்தி என்ன விலை என்று உங்கள் பெரியப்பா கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கோ சொல்கிற மாதிரி, "ஒரு வண்டியையே நம்பிக் குடுக்க மனசு வராதவிய, பொண்ணை எப்படிக் குடுப்பாங்க" என்றார்.

உங்களுக்கு அப்போதும் விளங்கவில்லை. வாசல் பக்கம் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நல்லவேளை, உங்கள் அம்மாவுக்கு விளங்கியது. அவர் கொள்ளும் கம்பும் விளைகிற ஊரில் பிறந்தவர் அல்லவா. "கண்ணு, அந்தக் கம்பியக் கொண்டுபோயி அவியகிட்டக் குடுத்துப்போட்டு வா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நீங்கள் மறுபேச்சில்லாமல் எழுந்தீர்கள்.

கொடுத்தீர்கள், ஆனால் சும்மா கொடுத்தீர்களா! கோழி மேலே ஏறக்கூடாது. ஆடு கூரைத் துணியைக் கடித்துவிடும், பக்கத்தில் விடக்கூடாது. ஹாரனை யாரும் அமுக்கக்கூடாது. சாய்ந்து நிற்கக்கூடாது. மரத்தடியில் விட்டால் காக்காய் இருக்கிற கிளையாகப் பார்த்து விடக்கூடாது. மாரப்பன் எல்லாவற்றுக்கும் "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்று தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார்.

"இதுக்கு என்னங்க வெக்கறது?"

"ஒரு சொம்புத் தண்ணி இருந்தாப் போதுமுங்க" என்றீர்கள். ரேடியேட்டருக்குத்தான் சொன்னீர்கள். மாரப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான், விருந்தாளி வண்டிக்குத் தண்ணி காட்டினோம் என்கிற நிம்மதி. நாலு ஆளைக் கூட்டிப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். நீங்கள் பாதி தூரம் பின்னாலேயே போய், அம்மா கூப்பிட்டதும் திரும்பி வந்தீர்கள்.

சாப்பாடு ஆயிற்று. பருப்பும் நெய்யும், பச்சைப்புளி ரசம், இனிப்புக்குக் கச்சாயம். நீங்கள் எதைச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் உங்களுக்கே தெரிந்திருக்காது. அய்யனும் இன்னும் இறங்கி வரவில்லை. "பொறகு சொல்லி அனுப்பறோமுங்க" என்று வெற்றிலையை நீட்டினார். அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் தங்கச்சியின் அந்த அடக்கின சிரிப்பை இனி எங்கே போய்ப் பார்ப்பது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாரப்பன் வண்டியைக் கொண்டுவருகிற வரை நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரோ அப்போதுதான் இலையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் பொறுக்கவில்லை. நேரே புளியமரத்தடிக்குப் போய், கிளையில் மாட்டியிருந்த ஹேண்டிலை எடுத்து, ஒரே சுற்று. கார் உறுமியது. அம்மாவையும் பெரியப்பாவையும் ஏற்றிக்கொண்டு எடுத்தீர்கள்.

இரண்டு வண்டி நீளம் வந்திருக்கும். படாரென்று ஒரு சத்தம். கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. பின்னால் பார்த்தால், மாடு கட்டுகிற முளை மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்து, பக்கத்திலிருந்த தண்ணிப் பானையை உடைத்துக்கொண்டு கிடக்கிறது. முளையிலிருந்து புதுக் கயிறு. கயிற்றின் மறுமுனை உங்கள் பம்பரில். பம்பர் ஒரு பக்கம் ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்து தொங்குகிறது. கோழிகள் பெரிதாகச் சத்தம் போட்டன. "பானையும் ஒடஞ்சுதா, ஆச்சு" என்று அத்தை முணுமுணுத்தார்.

மாரப்பன் சோற்றுக் கையோடு ஓடி வந்தார். "கட்டுனவன் நானுங்களே! நான் வந்து அவுக்கறதுக்குள்ள எடுத்துப்போட்டீங்களே!" அழுகிற குரல் அது. விருந்தாளி வண்டி எதுவாக இருந்தாலும் அதைக் கட்டாமல் விட அவருக்கு மனசு வந்ததில்லை.

நீங்கள் இறங்கிப் பின்பக்கம் போனீர்கள். வளைந்த பம்பரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தீர்கள். வெகுநேரம் குனிந்தே நின்றீர்கள். அந்தக் காருக்கு ஒரு கீறல் விழுந்தால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது, ஆனாலும் உங்கள் முதுகைப் பார்த்தே புரிந்தது. தொலைந்தது சம்பந்தம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சும்மா ஒப்புக்கு இல்லை, தோள் குலுங்கக் குலுங்க. "ஏனுங்க மாரப்பண்ணா, நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலீங்க. உங்ககிட்டக் குடுத்துப்போட்டுத் திருப்பிக் கேக்காம எடுத்தேன் பாருங்க, எனக்கு வேணுமுங்க இது." ஹேண்டிலை உருவி, அவருடைய சோறு ஒட்டாத இடது கையில் வைத்தீர்கள். "போயி நிம்மதியாச் சாப்புட்டுப்போட்டு வாங்க. நீங்க வந்து அவுத்துக் குடுத்தாத்தான் நான் போவேன்." அப்புறம் புளியமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் நீங்கள் காரைப் பார்க்காமல் மனிதர்களைப் பார்த்தீர்கள்.

எங்கள் அய்யன் உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உங்கள் அம்மாவிடம் போய், "போற வண்டிய நிறுத்தி எங்காளு கையில நம்பிக் குடுத்துப்போட்டாருங்க. உப்புச் சர்க்கரைய இன்னைக்கே மாத்திக்கலாமுங்களா?" என்றார். நான் கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டேன் மச்சான்.

கல்யாணத்தன்று எங்கள் இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தவர் நீங்கள். பெண்ணை அனுப்புகிற நேரம், உங்கள் தங்கச்சி அம்மாவின் தோளை விடாமல் அழுதுகொண்டிருந்தாள். நல்ல நேரம் போகிறதென்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். நானும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, "கெளம்பலாமுங்க" என்று வேறு சொல்லிவிட்டேன். காருக்கு அத்தனை பத்திரம் சொன்ன மனிதர், தங்கச்சிக்கு ஊர்ப்பட்ட புத்தி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். நீங்கள் வண்டிப் பக்கம் வந்து என் தோளில் கை வைத்து ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள்.

"சித்தெ பொறுங்க மாப்ளே. கயித்தை அவுக்காம வண்டியெடுத்தா என்னாகுமுன்னு எனக்குத் தெரியும்."

அவள் அழுது முடிக்கிற வரை காத்திருந்தோம். அவளாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். அத்தனை வருத்தத்திலும், என் கோட்டைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் நீங்கள் எப்போது வந்தாலும் எங்களைக் கும்பிடுவதற்கு முன்னால் ஹேண்டில் மாரப்பன் கைக்குப் போய்விடும். பத்திரம் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். அவரும் கட்டுவதை விடவில்லை. வளைந்த பம்பரை நிமிர்த்தித் தருகிறேன் என்று பட்டறைக்காரர் எத்தனை தடவை கேட்டாலும், "அது எந்தங்கச்சி நிச்சயத்துக்கு வெச்ச சீருங்க, அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுவீர்களாம். நேற்றுத்தான் சொன்னார்.

நேற்றும் மாரப்பன் என் கையிலிருந்து ஹேண்டிலை வாங்கிக்கொண்டார். காரைப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்னால் கயிறு கட்டினார். ஒரு சொம்புத் தண்ணி கொண்டுவந்து முன்னால் வைத்தார். இன்று காலை பார்க்கிறேன், உங்கள் தங்கச்சி அந்தக் கட்டிலில் உட்கார்ந்து வளைந்த பம்பரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் படுத்த அன்றிலிருந்து அழாமல் எல்லோருக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், இப்போதுதான் அழுகிறாள்.

பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி ஒருத்தர் மத்தியானமே வந்துவிட்டார். காரைத் தனக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார். அதைக் கண்ணெதிரே வைத்திருந்தால் அவள் மனசு ஆறாது, சட்டென்று தள்ளிவிடுங்கள் என்று சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள். நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். நான் வியாபாரிக்கு மோர் கொடுத்து, சித்தெ பொறுங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் இன்னும் புளியமரத்தடியில்தான் இருக்கிறாள். இருக்கட்டும், நான் கூப்பிடப் போவதில்லை. கயிற்றை அவிழ்க்காமல் வண்டியெடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும் மச்சான்.

உங்கள் மாப்பிள்ளை