மூக்கையா அண்ணன் வண்டியும் நான் சொன்ன சொல்லும்

அக்டோபர் 13, திங்கள்

வேலைக்குறிப்பு எழுதக் கடையில் வேறு நோட்டு இருக்கிறது. எரிச்சலை எழுத இது.

காலை ஒன்பதரைக்கே மூக்கையா அண்ணன் வண்டியோடு வந்து நின்றார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் மண்டி வைத்திருப்பவர். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. மேடு ஏறினால் இழுவை இல்லை, பின்னால் கரும்புகை, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஸ்கேனரைச் சொருகினால் 'கோடு' என்கிற கோளாறு எண் வந்தது: பி 2006. அதாவது, எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிபோல்டுக்குள் இருக்கிற மடல், திறக்கவேண்டிய நேரத்தில் மூடியே நிற்கிறது. எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது.

"ஏனுங்க செழியன் தம்பி, ஆகஸ்டுலதானுங்க இஷாக் இதே மேனிபோல்டப் புதுசா மாத்திக் குடுத்தாரு. மறுக்கா அதே எடமா?"

இஷாக்கும் நானும் பதினொரு வருஷம் ஒரே ஷெட்டில் வேலை பார்த்தவர்கள். இப்போது இதே ஊரில் தனித்தனிக் கடை: அவன் பேகம்பூரில், நான் வத்தலக்குண்டு ரோட்டில். அவன் கை வைத்த இடத்தில் நான் குறை சொல்லிப் பழக்கமில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம்தான். வாசலில் நான்கு வண்டிகள் காத்திருக்கின்றன. இந்த நேரம் பார்த்தா இது வரவேண்டும்?

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை அதே வண்டி.

இந்த மடலை இழுப்பது வேக்குவம், அதாவது காற்றில்லா வெற்றிடம். மெல்லிய ரப்பர் குழாய் வழியாக உறிஞ்சி இழுத்தால் மடல் மூடும், விட்டால் திறக்கும். பிடிப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு மின்சார வால்வு. குழாயைக் கழற்றிக் கைப்பம்பை மாட்டி இழுத்தேன். மடல் அழகாக மூடியது. விட்டேன், திறந்தது. வால்வுக்கு ஸ்கேனரில் உத்தரவு கொடுத்தேன். டிக் டிக்கென்று அடித்தது. வயர் சரி, மின்சாரம் சரி. எல்லாம் சரியென்றால் கோடு ஏன் வருகிறது?

கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டினேன். ஒன்றுமில்லை. பழனி ரோட்டில் ஏறி மிதித்தேன். ரெட்டியார்சத்திரம் தாண்டவில்லை, விளக்கு எரிந்துவிட்டது.

அக்டோபர் 15, புதன்

மேனிபோல்டைக் கழற்றினேன். உள்ளே கரி அதிகமில்லை. மடல் கோர்த்திருக்கும் கம்பியில் மட்டும் இம்மி ஆட்டம். புதுசிலும் அந்த அளவு இருக்குமா? இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

பதினொரு மணிக்கு மூக்கையா அண்ணன் மார்க்கெட் ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். "மூணு நாளா வண்டியில்லாம தோட்டந்தோட்டமா பைக்ல சுத்துறனுங்க, என்னதான் தம்பி கோளாறு?" என்று கேட்டார். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. கையிலிருந்த மேனிபோல்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "டூப்ளிகேட் அண்ணே. இஷாக் போட்டது டூப்ளிகேட் சாமான். ஆயுத பூஜைக்கு நான் சர்வீஸ் பண்ணி அனுப்புனப்ப வண்டி சுத்தமா இருந்துச்சா இல்லையா? அப்புறம் பத்தே நாள்ல கெட்டுப்போச்சுன்னா அது சாமானா?"

சொன்ன பிறகு வாய் கசந்தது. ஆனால் ஒரு பதில் கிடைத்த நிம்மதி அவர்கள் முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

மதுரையிலிருந்து கம்பெனி மேனிபோல்டு வந்தது. மாட்டினேன். ரெட்டியார்சத்திரம் வரை போய் வந்தேன். விளக்கு எரியவில்லை. மாலை நான்கு மணிக்கு வண்டியைக் கொடுத்தேன். அப்பாடா.

அக்டோபர் 19, ஞாயிறு

மூக்கையா அண்ணன் நேற்று பழைய மேனிபோல்டை எடுத்துக்கொண்டு நேரே பேகம்பூர் போயிருக்கிறார். இஷாக் கடை வாசலில், இருபது பேர் பார்க்க, அதைத் தரையில் போட்டு, "ஏமாத்துறதுக்கு நான்தான் கெடச்சனா?" என்று கேட்டாராம். அங்கே டயர் கடை வைத்திருக்கும் ஞானராஜ் போனில் சொன்னான். இஷாக் எதிர்த்து ஒன்றும் பேசவில்லையாம். குனிந்து எடுத்து உள்ளே வைத்துக்கொண்டானாம்.

பேசாமல் இருந்தானா? அப்படியென்றால் அவனுக்கே தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

இஷாக் வரவில்லை. இத்தனை வருஷமும் காலை பத்து மணிக்கு வந்து, தமிழ்மதி வைக்கும் கறிக்குழம்பை இட்லியில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

"நீங்களாச்சும் ஒரு போன் போடுங்களேன்," என்றாள் தமிழ்மதி.

"தப்பு பண்ணுனது அவன். நான் எதுக்குப் போடணும்?"

"தப்புன்னு உங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

கல்யாணமான பதினேழு வருஷமாக இந்தப் பெண்பிள்ளை இப்படித்தான், எங்கே கை வைத்தால் வலிக்கும் என்று பார்த்து வைக்கிறாள். குழம்பில் இன்று உப்பு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

வந்துவிட்டது. அதே வண்டி. அதே மஞ்சள் விளக்கு. பி 2006.

மார்க்கெட்டிலிருந்து டிரைவர் கொண்டுவந்து விட்டுப் போனான். மூக்கையா அண்ணன் போனில் கத்தவில்லை. "பாருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். கத்தியிருக்கலாம்.

அக்டோபர் 24, வெள்ளி

குழாய் மாற்றினேன். வயரை முழுக்க உரித்துப் பார்த்தேன். மடலின் நிலையைச் சொல்லும் சென்சாரை வேறொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டினேன். வண்டியின் கம்ப்யூட்டரில் பழைய கணக்கை அழித்துப் புதிதாகப் படிக்க வைத்தேன். ஒவ்வொரு தடவையும் ரெட்டியார்சத்திரம். ஒவ்வொரு தடவையும் விளக்கு. அங்கே டீக்கடைக்காரர் நான் இறங்கும்போதே கிளாஸைக் கழுவ ஆரம்பித்துவிடுகிறார்.

எட்டு வருஷமாக ஸ்கேனர் பிடிக்கிறேன். போர்டில் 'நவீன முறையில் கண்டறியப்படும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். என்னத்தக் கண்டறிஞ்சேன்? ஒரு மசுரும் தெரியல.

இன்னொன்றும் மனசை அரிக்கிறது. கம்பெனி சாமான் போட்ட பிறகும் இதே கோடு வருகிறதென்றால் இஷாக் போட்டதில் என்ன குறை? இதை நான் எழுதாமல் இருந்தாலும் அது அப்படித்தான்.

அக்டோபர் 25, சனி

வண்டிப் பக்கமே போகவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

இத்தனை நாளும் முதல் வேலையாகக் குழாயைக் கழற்றிவிட்டுத்தான் சோதித்தேன். குழாயைக் கழற்றிய நொடியில் உள்ளே அடைபட்டிருந்த வேக்குவம் போய்விடும், மடல் திறந்துவிடும், எல்லாம் நல்லதாகத் தெரியும். இன்று எதையும் கழற்றாமல், எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரில் வால்வை நிறுத்தச் சொல்லிவிட்டு மடலின் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வால்வு டிக்கென்றது. கம்பி அசையவில்லை. குழாயைப் பிடுங்கினேன். டக்கென்று திரும்பியது.

அப்படியானால் வால்வு நின்றாலும் குழாய்க்குள் வெளிக்காற்று நுழையவில்லை. வெளிக்காற்று நுழைய வால்வின் தலையில் ஒரு சின்ன வட்ட மூடி இருக்கும். அதில் குண்டூசி அளவுக்கு ஓட்டைகள். குனிந்து பார்த்தேன்.

அதன்மேல் சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜையன்று நான் வைத்தது. பேட்டரிக்கு ஒன்று, எஞ்சின் தலைக்கு மூன்று, ஆயில் மூடிக்கு ஒன்று. வட்டமாக எது தென்பட்டாலும் ஒன்று வைப்பது என் வழக்கம். எஞ்சின் சூட்டில் சந்தனம் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. விரிசல் வழியாகக் கொஞ்சமாய்க் காற்று போயிருக்கிறது. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது அது போதும். மிதித்தால் போதாது. கம்பெனி மேனிபோல்டு மாட்டிய அன்று மட்டும் விளக்கு எரியாததும் இதனால்தான்: கழற்றி மாட்டிய ஆட்டத்தில் விரிசல் கொஞ்சம் விட்டிருக்கும், பிறகு தூசி அடைத்திருக்கும்.

இந்தப் பத்து நாளில் அந்த வால்வை எத்தனை தடவை துடைத்தேன்? பொட்டு அழியாமல் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறேன். பூஜை போட்ட பொட்டை யாராவது அழிப்பார்களா? அது கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. எஞ்சினில் பொட்டு இருப்பது எனக்கு எஞ்சினில் எஞ்சின் இருப்பது மாதிரி.

ஊசியால் சுரண்டினேன். ரெட்டியார்சத்திரம் தாண்டி, ஒட்டன்சத்திரம் வரை மிதித்துப் போய் வந்தேன். விளக்கு எரியவில்லை.

இஷாக் பேரை நாறடித்துவிட்டேன். அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. என் விரல்.

அக்டோபர் 28, செவ்வாய்

வண்டியைக் கொடுக்கும்போதே மூக்கையா அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மேனிபோல்டுக்கு வாங்கிய காசையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்தார். பூஜைப் பொட்டுக்கு யார் தம்பி கோவிச்சுக்க முடியும் என்றார்.

"அது இல்லண்ணே. இஷாக்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். மார்க்கெட்லயும் சொல்லணும்."

சிரிப்பு போய்விட்டது. "இருவது பேர் முன்னால பேசிப்போட்டு வந்தேனுங்க. இப்பப் போய் நாந்தான் தப்புன்னு எப்படி நிக்கிறது? வண்டி ஓடுது, விட்ருங்க தம்பி. நாலு நாள்ல எல்லாரும் மறந்துருவாங்க."

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் வாயிலிருந்து வந்ததைத்தான் அவர் கொண்டுபோய்க் கொட்டினார். விட்டுவிடலாமா? ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன். எழுதி வைக்கிறேன், நினைத்தேன்.

அக்டோபர் 29, புதன்

பேகம்பூர் போனேன். இஷாக் ஒரு வண்டிக்குக் கீழே படுத்திருந்தான். "வா மாப்ள, செத்த நேரம் உக்காரு" என்று கீழேயிருந்தே சொன்னான். என் செருப்பைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

எழுந்து வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொட்டு என்றதும் சிரித்தான். "பொட்டா?" என்று இரண்டு தடவை கேட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பிறகு அவனும் நிறுத்தினான்.

கை துடைத்தபடியே சொன்னான்: "அந்த மேனிபோல்டு மொத்தம் மூணு வாங்குனேன் மாப்ள. ஒண்ணு மூக்கையாவுக்கு. ஒண்ணு நிலக்கோட்டை பூ வண்டிக்கு. இன்னொண்ணு குஜிலியம்பாறை வாத்தியார் வண்டிக்கு. ரெண்டு பேரையும் போன் போட்டு வரச்சொல்லி, டூப்ளிகேட் போட்டுட்டேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லி, வேற மாட்டிக் குடுத்துட்டேன்."

"ஏன்டா? நல்லா ஓடுன வண்டிய எதுக்குக் கழட்டுன?"

"நீ டூப்ளிகேட்னு சொன்னியாம்ல. மூக்கையா சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேன். செழியன் கழட்டிப் பாத்துட்டுச் சொன்னார்னாரு. நீ பாத்தா சரியாத்தான இருக்கும்."

அவன் அன்றைக்கு வாசலில் பேசாமல் நின்றதற்குக் காரணம் இதுதான். கோபத்தில் அல்ல. என்னை நம்பி.

மூன்றும் அலமாரியில் இருந்தன. கைப்பம்பை வாங்கி மூன்றையும் அவன் முன்னாலேயே சோதித்தேன். மூன்றும் நல்லவை. சொன்னேன். "சரி மாப்ள" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். திட்டியிருந்தால் குடித்திருப்பேன்.

நவம்பர் 3, திங்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன். கேரளா லாரிகளில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. மூக்கையா அண்ணன் மண்டி வாசலில், அன்று கூட வந்த இரண்டு பேரும் இருந்தார்கள், இன்னும் ஏழெட்டுப் பேரும். இஷாக் போட்டது நல்ல சாமான், கோளாறு நான் பண்ணினது, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன் என்றேன். பொட்டுக் கதையையும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். மூக்கையா அண்ணன் ரசீது புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் நிமிர்ந்து, "நானும் ஒருக்கா பேகம்பூர் போகோணும்" என்று பொதுவாகச் சொன்னார்.

தக்காளி மண்டிக்காரர் ஒருவர் கேட்டார்: "அப்ப எங்க வண்டிய எங்கதானுங்க விடுறது?"

"இஷாக்கிட்ட விடுங்க," என்றேன்.

நவம்பர் 12, புதன்

மார்க்கெட் வண்டி ஒன்றும் இந்த வாரம் வரவில்லை. மூன்று வண்டி பேகம்பூரில் நிற்பதாக ஞானராஜ் சொன்னான். தமிழ்மதியிடம் சொன்னேன். "சந்தோஷமா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். முழுப் பொய்யில்லை.

நவம்பர் 19, புதன்

மதியம் இஷாக் போன் செய்தான்.

"ஒரு வண்டி கொதிச்சுத் தண்ணியத் தள்ளுது மாப்ள. ரேடியேட்டர் மூடி வீக்குன்னு தோணுது. நீ ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறியா?"

பதினொரு வருஷத்தில் அவன் என்னிடம் ஒரு வேலைக்கும் கேட்டதில்லை. நான்தான் அவனிடம் கேட்பேன். அதுவும் ரேடியேட்டர் மூடி.

"மூடிதான்டா. மாத்திட்டு வண்டியக் குடு."

"இல்ல மாப்ள. முன்ன மாதிரி பட்டுனு சொல்ல வரமாட்டேங்குது. கை கூசுது. நீ ஒரு வாட்டி பாத்துரு, அப்புறம் மாத்துறேன்."

கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். பார்த்தேன். மூடிதான்.