ஏரிக்குப் பின்னால் எங்கள் இடம்

ஆகஸ்ட் 28

இரண்டு கூடைக் காளான். யெஃபிம் வரவில்லை, கால் வீங்கியிருக்கிறது. தனியாகத்தான் போனேன். பேருந்திலிருந்து இறங்கியதும் யாராவது பின்னால் வருகிறார்களா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். இந்த ஊரில் வீட்டுச் சாவியைக்கூட நம்பிக் கொடுப்பார்கள், காளான் இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் மட்டும் விதிவிலக்கா என்ன?

செப்டம்பர் 9

உப்புப் போட்டு முடித்தாயிற்று. பதினான்கு ஜாடி.

செப்டம்பர் 30

யெஃபிமுக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறதாம். உங்கள் கணவர் என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்டார். எல்லாம் நாங்களே காட்டில் பறித்தது, சுத்தமானது என்றேன். உங்களுக்கு எங்கே வேலை என்று கேட்டார். மண் ஆய்வுக்கூடம் என்றதும், "அப்ப உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டார்.

எனக்கு என்ன தெரியும்? பத்தொன்பது வருடமாக உருக்காலையைச் சுற்றி ஒரு சரிவு விடாமல் மண் தோண்டி, காயவைத்து, சலித்து, நிக்கல் எவ்வளவு காட்மியம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறேன். எங்கள் இடத்து மண்ணை ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்தால் பதிவேட்டில் இடத்தை எழுத வேண்டும். பதிவேட்டை ஐந்து பெண்கள் படிப்பார்கள். உருக்காலைக்கும் எங்கள் இடத்துக்கும் நடுவே மலை இருக்கிறது, புகை தாண்டாது — இதை யார் சொன்னது? நானேதான் சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 6

எங்கள் இடத்து மண்ணைத் தோண்டி எடுத்து வந்தேன். ஜாடியிலிருந்து கொஞ்சம் காளானும். மாதிரி எண் 41. இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். மேலதிகாரி கிரில் கேட்டபோது, பிறகு எழுதுகிறேன் என்று மழுப்பினேன்.

அக்டோபர் 15

மூன்று முறை பார்த்தேன். அதே அளவுதான். மேல்மண் மோசம், காளான் அதைவிட மோசம். கிழக்குச் சரிவில் நாங்களே எச்சரிக்கைப் பலகை நட்ட இடத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

"அங்க யாராவது பறிச்சுச் சாப்பிடறாங்களா, ராயிசா பெத்ரோவ்னா?" என்று கிரில் கேட்டான்.

இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம். வேறென்ன. மண் பார்க்கிறவள் புருஷனுக்கே விஷம் போட்டாள்னு ஊர் சிரிக்காதா?

அக்டோபர் 16

யெஃபிமிடம் சொன்னேன். 

"முப்பது வருஷம் உலைகிட்ட நின்னு புகையைக் குடிச்சவன் நான். உன் காளான் வந்துதான் என்னைக் கெடுத்துதாக்கும். விடு, ராயா."

எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மாவும். தேற்றுகிறார்கள். என் மனம் தேறவில்லை.

நவம்பர் 19

இன்று அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

டிசம்பர் 3

போய்விட்டார். காலை ஆறே காலுக்கு.

டிசம்பர் 6

மண் கல்லாக உறைந்து கிடக்கிறது. குழி வெட்ட இரண்டு நாள் நெருப்பு மூட்டி இளக்கினார்கள். அழக்கூட முடியவில்லை, அந்தக் கருத்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 11

நாற்பதாம் நாள். பதினொரு பேர் சாப்பிட வந்தார்கள். அப்பம், மீன், தேன் விட்ட கோதுமை எல்லாம் வைத்தேன். காளான் வைக்கவில்லை. மேல்மாடித் தாமராவுக்கு மனசு கேட்கவில்லை. துக்க மேசையில் காளான் இல்லாமலா என்று ஓடிப்போய்த் தன் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

எங்கே பறித்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நான் கேட்டேன். காட்டில்தான் என்றாள். அதனால் எல்லோர் முன்னாலும் எங்கள் இடத்தை நானே சொன்னேன்: சின்ன ஏரியைத் தாண்டி, இரட்டைப் பாறைக்குக் கீழே. அந்த மண்ணில் விஷம், அங்கே பறித்ததைத் தொடாதீர்கள் என்றேன்.

தாமரா ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த இடம் எங்களுக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். பிறகு, "எம் மக ஒலேஸ்யா இதைத் தவிர எதையுமே வாயில வைக்க மாட்டேங்கிறா. ஏழாம் மாசம் அவளுக்கு."

என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்பத் தெரியும், ராயா?"

"அக்டோபர்ல."

விரல் விட்டு எண்ணினாள். மகளுக்கு அப்போது நாலாம் மாதம். ஜாடியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.